ஓட்டுப் போட்டவரும் பேப்பர் போட்டவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பெங்களூருக் கோட்டையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தில்லி வாசல் படமும் கெம்பேகவுடர் 1537-ல் கட்டிய மண்கோட்டையைப் பற்றிய பகுதியும் நன்றாக இருந்தன. ஒரு வரிக்காக மட்டும் இந்தக் கடிதம். அமெரிக்கக் கிளர்ச்சியாளர்கள் மேல் அனுதாபம் கொண்டிருந்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் பிரபுவுக்கு, காலத்தின் கட்டாயத்தால் இங்கே வந்து போர் செய்ய நேர்ந்தது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அனுதாபம் இருந்தது என்ற தகவலில் தப்பில்லை. 'காலத்தின் கட்டாயம்' என்ற சொல்தான் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். 1979-ல் அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மெட்ராஸ் சேப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) சென்டரில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினேன். எங்கள் படையில் சிப்பாயைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தம்பி இருபத்தாறு வருடம் கழித்து சுபேதாராக ஓய்வு பெற்று, இன்றும் அதே ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில் குடியிருக்கிறான். நான் சரித்திரம் படித்தவன் அல்ல. ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவைதான் நான் இங்கே எழுதுவதெல்லாம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பேத்தியைக் கூட்டிக்கொண்டு அந்தக் கோட்டைக்குப் போவேன். அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறி கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் பூ வாசனை எதிர்கொண்டு அழைக்கும். சாமந்திக் குவியல்களைத் தாண்டி நடந்தால் கோட்டைச் சுவர். அதில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இந்த உடைப்பின் வழியாகத்தான் ஆங்கிலேயரின் தாக்குதல் நடந்தது, மார்ச் 21, 1791 என்று ஆங்கிலத்தில் இருக்கும். பேத்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "உள்ளே இருந்தவங்க யாரு தாத்தா?" என்று ஒரு நாள் கேட்டாள். கல்லில் அதற்குப் பதில் இல்லை.

உள்ளே இருந்தவர் திப்பு சுல்தானின் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், பகதூர் கான். மார்ச் 7-ஆம் தேதி முதலில் பேட்டை விழுந்தது. இன்றைக்குச் சிக்பேட்டை, நகரத்பேட்டை என்று நாம் ஜவுளி வாங்கப் போகிற அதே பேட்டைதான். அங்கே பீரங்கிகளை நிறுத்தி இரண்டு வாரம் கோட்டைச் சுவரைச் சுட்டார்கள். சேப்பராக இருந்தவனுக்கு அந்த இரண்டு வாரம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ராத்திரியில் பதுங்குகுழி தோண்டுவது, மண்மூட்டை அடுக்குவது, பீரங்கி மேடை கட்டுவது, விடிந்ததும் அதே இடத்தில் குண்டடி படுவது. மண்வெட்டி பிடித்தவர்கள் லண்டனிலிருந்து வந்த பிரபுக்கள் அல்லர். மெட்ராஸ் படையில் சம்பளத்துக்குச் சேர்ந்த தமிழரும் தெலுங்கருமான ஏழைகள். என் படைப்பிரிவு தன் பிறப்பை 1780-ல் தொடங்கிய மெட்ராஸ் பயனியர்களிலிருந்துதான் கணக்கிடுகிறது. அதனால் அந்தச் சுவரின் முன்னால் நிற்கும்போது இரண்டு பக்கத்துக்காகவும் எனக்கு மனசு கனக்கும். 21-ஆம் தேதி ராத்திரி அந்த உடைப்பின் வழியாக ஏறினார்கள். பகதூர் கான் சரணடையவில்லை. சண்டையிட்டே செத்தார்.

இந்தப் படையை நடத்தி வந்தவர்தான் கார்ன்வாலிஸ். ஆம்பூர்ப் பக்கமாக வருவதுபோல் போக்குக் காட்டி, முகலிக் கணவாய் வழியாக ஏறி, கோலார், ஹொஸகோட்டே கடந்து இங்கே வந்தார். அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்புவின் ராஜ்யத்தில் பாதி போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். சிறுவர்களான இரண்டு மகன்களைப் பிணையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கும் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். என் பாராமகால் பூமி, அதாவது கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் சீமை, கம்பெனி கைக்குப் போனதும் அந்த உடன்படிக்கையில்தான். ஆகவே இது எனக்கு ஏட்டில் படித்த ஊர்க்கதை இல்லை.

இப்போது அந்த அனுதாபத்துக்கு வருகிறேன். 1766-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அமெரிக்காவில் இருந்த தன் குடியேற்ற நாடுகளுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் இயற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று அறிவித்த சட்டம். பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் ஐந்தே பேர். அந்த ஐவரில் ஒருவர், அப்போது முப்பது வயதுகூட ஆகாத கார்ன்வாலிஸ். சபை முழுக்க ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் நிற்க நெஞ்சுரம் வேண்டும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

பத்தே வருடம். 1776-ல் அதே அமெரிக்கர்களை அடக்கக் கப்பல் ஏறினார். மனைவி போக வேண்டாம் என்று மன்றாடினார். கார்ன்வாலிஸின் சித்தப்பா கேன்டர்பரி பேராயர். அவர் மூலமாக ராஜாவிடம் பேசி, போகாமல் இருக்க அனுமதியும் வாங்கிவிட்டார்கள். ராஜாவே போக வேண்டியதில்லை என்று சொன்ன பிறகும் அந்த அனுமதியை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத்தான் போனார். கட்டுரையாளர் இதைக் கவனிக்க வேண்டும். கதவு திறந்திருந்தது. திறந்த கதவைத் தானே சாத்திவிட்டுப் போனவரைப் பற்றிக் காலத்தின் கட்டாயம் என்று எப்படி எழுதுவது? 1781 அக்டோபரில் யார்க்டவுனில் தோற்றார். உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்கத் தனக்குக் கீழிருந்த ஜெனரலை அனுப்பினார். ஐந்து வருடத்தில் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரல். அதற்குப் பிறகு நம் கோட்டைச் சுவர்.

அந்த நாட்களில் கட்டாயத்துக்குக் கட்டுப்படாமல் ஒருவர் இருந்தார். அவர் பெயரை நம் பத்திரிகைகளில் நான் பார்த்ததே இல்லை. தாமஸ் ஹோவர்டு, மூன்றாவது எஃபிங்ஹாம் பிரபு.

அவரும் பரம்பரைப் பிரபு. அவரும் ராணுவ அதிகாரி, 22-ஆம் காலாட்படையில் கேப்டன். சின்ன வயதிலிருந்தே அவருக்குப் படை என்றால் உயிர். சொந்த நாட்டில் போர் இல்லாத காலத்தில், தொழிலைக் கற்க வேண்டும் என்பதற்காகவே ரஷ்யப் படையோடு சேர்ந்து துருக்கியரை எதிர்த்துப் போர்க்களம் பார்த்து வந்தவர். அப்படிப்பட்டவரின் படைப்பிரிவுக்கு 1775-ல் உத்தரவு வந்தது, அமெரிக்காவுக்குப் புறப்படு என்று. அந்த ஏப்ரலில் போர்த்துறைச் செயலாளர் பாரிங்டன் பிரபுவுக்குக் கடிதம் எழுதி, பதவியை விட்டு விலகினார். எங்கள் பாரக்ஸ் பாஷையில் சொன்னால், பேப்பர் போட்டுவிட்டார். அப்போது அவருக்கும் முப்பது ஆகவில்லை.

அதன் கனத்தைப் பட்டாளத்துக்காரர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படையில் அதிகாரிப் பதவியை விலை கொடுத்து வாங்குவார்கள். காலாட்படையில் கேப்டன் பதவிக்கு அரசு நிர்ணயித்த விலை 1,500 பவுண்டு. பெரிய சொத்து அது. அதைவிடப் பெரியது மானம். படைப்பிரிவு போருக்குக் கிளம்பும் நேரத்தில் விலகுகிறவனைப் பார்த்து மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? பயந்தாங்கொள்ளி என்பார்கள். எந்த தேசமாக இருந்தாலும் இதே சொல்தான். அதைத் தெரிந்தே செய்தார். ராத்திரியோடு ராத்திரியாக ஓடவில்லை. கப்பல் ஏறிய பிறகு நோய் வந்ததாக நடிக்கவில்லை. காரணத்தைக் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே பிரபுக்கள் சபையில் எழுந்து நின்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். சிப்பாயின் கடமையும் குடிமகனின் கடமையும் ஒன்றோடொன்று மோதினால், தன்னுள் இருக்கும் சிப்பாயைக் குடிமகனுக்குக் கீழே அடக்கிவிடுவேன் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். லண்டன் நகரத்தாரும் டப்ளின் நகரத்தாரும் அவருக்கு நன்றி தெரிவித்தார்கள். அமெரிக்கர்கள் தங்கள் புதிய போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1778-ல் ஆங்கிலேயர் அதை எரித்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு மாவட்டம் இன்றும் எஃபிங்ஹாம் என்ற பெயரில்தான் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் வீட்டுக் கதை. இங்கிலாந்தில் ராதர்ஹாம் என்ற ஊரில், மேட்டின் மேல் வேட்டை மாளிகை ஒன்று கட்டினார். அதற்கு வைத்த பெயர் 'பாஸ்டன் கோட்டை'. 1773 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில், பிரிட்டிஷ் வரியை எதிர்த்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அந்தப் பாஸ்டன். அந்த மாளிகைக்குள் யாரும் தேநீர் குடிக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்ததாக ஊரார் சொல்கிறார்கள். கடலில் விழுந்த தேயிலை யாருடையது தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. பெங்களூருச் சுவரைச் சுட்ட பீரங்கியும் அதே கம்பெனிப் பணத்தில் வந்ததுதான். காலையும் மாலையும் டீ இல்லாமல் இருக்க முடியாத எனக்கு, இந்தச் செய்தியைப் படித்த அன்று டம்ளர் கையிலேயே ஆறிப்போயிற்று.

அவரைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. இதையும் எழுதாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். எஃபிங்ஹாம் பிற்காலத்தில் ஜமைக்காவின் கவர்னராகப் போனார். கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் லட்சக்கணக்கில் உழைத்த தீவு அது. 1791 ஆகஸ்டில் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த செயிண்ட் டொமிங்கில் (இன்றைய ஹைத்தி) அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். தோட்ட முதலாளிகள் ஜமைக்காவிடம் உதவி கேட்டபோது அங்கிருந்து போர்க்கப்பல்களும் ஆயுதங்களும் போயின. அப்போது கவர்னர் இவர்தான். பாஸ்டன்காரர்கள் உரிமை கேட்டபோது புரிந்த நியாயம், காலில் விலங்கோடு இருந்தவர்கள் கேட்டபோது அவருக்குப் புரியவில்லை. அந்த நவம்பரிலேயே ஜமைக்காவில் இறந்துபோனார். நம் கோட்டை விழுந்த அதே 1791. எனக்கு இதைப் படிக்க வருத்தமாக இருந்தது. இருந்தாலும் 1775-ல் அவர் எழுதிய கடிதம் எழுதியதுதான். ஒரு படைப்பிரிவில் ஒரு கேப்டன் குறைந்தது குறைந்ததுதான்.

இதை ஏரிக்கரையில் நடக்க வரும் என் பழைய படைத் தோழர்களிடம் சொன்னேன். பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. ஹவில்தாராக ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கோபமாகவே கேட்டார். "சுபேதார் சாப், கசம் பரேடில் சத்தியம் பண்ணிட்டு, ராஜா சோத்தைத் தின்னுட்டு, போருக்குக் கூப்பிடுறப்ப வரமாட்டேன்னா அது செஞ்சோற்றுக் கடனுக்குத் துரோகம் இல்லையா? கார்ன்வாலிஸ் கும்பகர்ணன் மாதிரி. தப்புன்னு தெரிஞ்சும் அண்ணனுக்காகப் போனான்."

நல்ல கேள்வி. தமிழன் மனசில் கும்பகர்ணனுக்கும் கர்ணனுக்கும் இருக்கிற இடம் விபீஷணனுக்கு இல்லை என்பது எனக்கும் தெரியும். புறமுதுகு காட்டுவதைப் போலக் கேவலம் நமக்கு வேறில்லை. நான் அவருக்குச் சொன்ன பதில் இது. கும்பகர்ணன், சீதையை விட்டுவிடு என்று ராவணன் முகத்துக்கு நேரே சொன்னான். பிறகு போனான், செத்தான். கடனைத் தன் உயிரால் தீர்த்தான். கார்ன்வாலிஸ் கடனைத் தீர்த்தது யார் உயிரால்? பேட்டையில் விழுந்தவர்கள் உயிரால், மண் தோண்டிய பயனியர் உயிரால். போர் முடிந்த 1792-ல் அவருக்கு மார்க்விஸ் பட்டம் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த பரிசுப் பணத்தில் தன் பங்கை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார், அந்த அளவுக்குக் கைசுத்தமானவர் என்பதையும் சொன்னேன். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவே இல்லை. அதுதான் என் துயரமே.

எஃபிங்ஹாமுக்கு ஈடு வேண்டுமானால் விதுரனைச் சொல்லலாம். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டு நாள் பாரதக் கூத்து நடக்கும். விதுரன் சபை நடுவே வில்லை முறித்துப் போடும் கட்டத்தில், விடியற்காலைத் தூக்கத்தில் இருக்கும் கூட்டம்கூட எழுந்து உட்கார்ந்துவிடும். அவன் எதிரிப் படையில் போய்ச் சேரவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தப் போரில் என் கை இருக்காது என்று எல்லாரும் பார்க்க முறித்தான். எஃபிங்ஹாமும் வாஷிங்டன் படையில் போய்ச் சேரவில்லை. நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் அதே இடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை வெளியில் சொன்னதில்லை.

1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியான நேரம். நான் ஜம்மு பக்கம் போஸ்டிங்கில் இருந்தேன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மாகடி ரோட்டுப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தார்கள். ஊர் பற்றி எரிந்த அந்த இரண்டு நாளில் நடந்ததை மனைவி பின்னால் எனக்குச் சொன்னாள். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். நல்ல மனிதர். என் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர். கண்ணில் தண்ணீரோடு, "உங்களுக்கு இப்படி ஆகக் கூடாதும்மா, ஆனா நீங்க இங்க இருந்தா என் வீட்டையும் கொளுத்திடுவாங்க" என்று சொல்லிவிட்டு, கீழே இறங்கிப் போய்த் தன் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். அவர் அழுதது நடிப்பில்லை என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

எதிர்வீட்டில் ஒரு கன்னடப் பெரியவர். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களோடு அதிகம் பேசியதுகூட இல்லை. குழாயடித் தண்ணீருக்காக ஒரு தடவை என் மனைவியோடு சத்தம் போட்டவர். அவர் தன் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். எங்கள் வாசலுக்குக் குறுக்கே போட்டார். "ஒளகெ ஹோகம்மா, நானு இத்தீனி" என்றார். உள்ளே போம்மா, நான் இருக்கிறேன். இரண்டு ராத்திரி அங்கேயே படுத்திருந்தார். இரண்டாம் நாள் ஒரு கும்பல் படிக்கட்டு வரை வந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து என்ன பேசினார் என்பது கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற என் மனைவிக்குக் கேட்கவில்லை. கும்பல் திரும்பிப் போயிற்று.

வீட்டுக்காரர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் அந்தக் கட்டிலைப் பற்றிய பேச்சு வரும் இடத்தில் யாராவது, வீட்டுக்காரரும் அனுதாபப்பட்டார், காலத்தின் கட்டாயம் என்று சொன்னால் என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். உங்கள் கட்டுரையின் அந்த வரியைப் படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. அந்தச் சொல்லைத் திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிடுங்கள். கார்ன்வாலிஸ் 1766-ல் போட்ட ஓட்டையும் எழுதுங்கள், 1776-ல் கிடைத்த அனுமதியை ஒதுக்கியதையும் எழுதுங்கள். இரண்டாவது, எஃபிங்ஹாம் பிரபுவைப் பற்றி உங்கள் சிறுவர் பக்கத்தில் ஒரு கதை வரட்டும். தேநீர் குடிக்காத கோட்டை என்றால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஜமைக்காவை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்றாவது, கோட்டையைப் பராமரிக்கும் தொல்லியல் துறைக்கு உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு விண்ணப்பம். அந்தக் கல் அப்படியே இருக்கட்டும், அதுவும் சரித்திரம்தான். அதன் பக்கத்தில் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் ஒரு பலகை வையுங்கள். பகதூர் கான் என்ற பெயர் அதில் இருக்க வேண்டும். பெயர் தெரியாமல் இரண்டு பக்கமும் செத்த சிப்பாய்களுக்கும் ஒரு வரி வேண்டும்.

அடுத்த மாதம் பேத்தியோடு மறுபடி போவேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதிலை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பலகை வரும்வரை அதைத்தான் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுபேதார்,
அல்சூர், பெங்களூரு.

(எதிர்வீட்டுப் பெரியவரின் குடும்பத்தார் விளம்பரம் விரும்பாதவர்கள் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)